வளர்ச்சிப் பொருளியல் ஆய்வுக்கு முதல் நல்கை: விண்ணப்பிப்பது எப்படி?

பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருப்பவர்களுக்காகவும், கல்லூரியில் கற்பித்துக்கொண்டே வறுமை, வேலைவாய்ப்பு, கல்வி போன்ற வளர்ச்சிச் சிக்கல்களை ஆராய விரும்புபவர்களுக்காகவும் இந்த விளக்கத்தை எழுதுகிறேன். அரசு வெளியிடும் புள்ளிவிவரங்களை மட்டும் வைத்து ஆராய்வதற்குப் பெரும் பணம் தேவைப்படாது; சில நூறு வீடுகளுக்கு நேரில் சென்று கேட்க வேண்டுமென்றால் கைப்பணம் போதாது. அப்படிப்பட்டவர்கள் முதலில் சிறிய நல்கைக்கே, அதாவது ஆய்வுக்கான சிறிய நிதியுதவிக்கே, விண்ணப்பிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் கேள்விக்கு விடை காண முடியும் என்பதைக் காட்டுவதற்கென்றே முன்னோட்ட நல்கைகள் இருக்கின்றன. பெருந்தொகை கேட்கும் தகுதியை அவற்றின் வழியாகத்தான் ஈட்ட வேண்டும்.

படி 1: கேள்வியைக் குறுக்குங்கள்

"அங்கன்வாடிகளில் முன்பருவக் கல்வியின் நிலை" என்பது ஒரு தலைப்பு மட்டுமே. அதற்கு யாரும் பணம் தரமாட்டார்கள். "ஊட்டச்சத்து வேலையையும் கற்பித்தலையும் ஒரே பணியாளர் சுமக்கும் மையத்தில், கற்பித்தலுக்கென்று கூடுதலாக ஓர் அரைநாள் பணியாளரை நியமித்தால் குழந்தைகள் கூடுதலாகக் கற்கிறார்களா?" என்பது ஆய்வுக் கேள்வி. அலெகாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் ஆராய்ந்தது இந்தக் கேள்வியைத்தான். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது, குழந்தைகளின் கற்றலும் உயர்ந்தது என்று அவர்கள் கண்டார்கள். எந்த மாற்றம், யாரிடம், எதை வைத்து அளப்பது என்ற மூன்றும் ஒரே வாக்கியத்துக்குள் அடங்கியிருப்பதைக் கவனியுங்கள். உங்கள் கேள்வியும் அந்த வடிவத்துக்கு வரும்வரை விண்ணப்பப் படிவத்தைத் திறக்க வேண்டாம்.

படி 2: யார் எதற்குத் தருகிறார்கள் என்று அறியுங்கள்

இந்தியாவில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது 1969இல் நிறுவப்பட்ட இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவை, அதாவது ஐ.சி.எஸ்.எஸ்.ஆரை. முனைவர் பட்ட உதவித்தொகையும் ஆய்வுத் திட்டங்களுக்கான நல்கையும் அங்கே உண்டு. இந்திய அரசின் பணம் என்பதால் வெளிநாட்டு நிதி தொடர்பான சட்டச் சிக்கல் எதுவும் இதில் எழாது.

2003இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வறுமை ஒழிப்பு ஆய்வு மையமான ஜே-பால், சமவாய்ப்பு முறையில் (திட்டம் யாருக்குக் கிடைக்கும் என்பதைக் குலுக்கல் போல முடிவுசெய்து, கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிடும் சோதனை முறையில்) செய்யப்படும் மதிப்பீடுகளுக்கே பணம் தருகிறது. அதன் தெற்காசிய மையம் கிரியா பல்கலைக்கழகத்தின் ஐ.எஃப்.எம்.ஆர். என்ற நிறுவனத்தைச் சேர்ந்தது. கருத்துருவை (ஆய்வு முன்மொழிவை) உருவாக்குவதற்கு, முன்னோட்டத்துக்கு, முழு ஆய்வுக்கு என அதன் நல்கைகள் பல நிலைகளில் இருக்கின்றன. முனைவர் பட்ட மாணவர் விண்ணப்பிக்க வேண்டுமானால், அவருடைய நெறியாளர் குழுவில் ஜே-பால் வலையமைப்பைச் சேர்ந்த ஒருவர் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. லண்டன் பொருளியல் கல்லூரியும் ஆக்ஸ்ஃபோர்டும் இணைந்து நடத்தும் ஐ.ஜி.சி. (பன்னாட்டு வளர்ச்சி மையம்) 2008இல் தொடங்கியது, வளரும் நாடுகளின் அரசுகளுக்கு உண்மையிலேயே தேவைப்படும் கேள்விகளை அது விரும்புகிறது. சோதனை முறையைக் கையாளாமல், உழவிலிருந்து தொழிலுக்கும் சேவைக்கும் மக்கள் நகர்வது போன்ற பெரிய மாற்றங்களை ஆராய்பவர்களுக்கு, சி.இ.பி.ஆர். என்ற ஐரோப்பியப் பொருளியல் ஆய்வு வலையமைப்பின் ஸ்டெக் திட்டம் பொருந்தும். முனைவர் பட்ட மாணவர்களுக்கென்றே தனி நல்கையை அறிவித்த திட்டம் அது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. இத்தகைய நல்கைகள் பலவற்றின் பின்னால் பணக்கார நாடுகளின் உதவி நிதி இருக்கிறது. பிரிட்டன் தன் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காடாக இருந்த உதவியை 2021இல் 0.5 ஆகக் குறைத்தது; 2027க்குள் 0.3 ஆக்கப்போவதாக 2025இல் அறிவித்தது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி முகமையான யு.எஸ்.எய்ட் 2025 ஜூலையோடு செயல்பாட்டை நிறுத்திக்கொண்டது. ஆகவே பழைய அறிவிப்பை நம்பாமல், இந்த விண்ணப்பச் சுற்று உண்மையில் திறந்திருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, ஒரே கருத்துருவைக் குறைந்தது இரண்டு இடங்களுக்கு ஏற்ப வடிவமைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: பணம் எந்தக் கணக்குக்கு வரும் என்று கேளுங்கள்

பலரும் இதை நல்கை கிடைத்த பிறகே யோசிக்கிறார்கள். விண்ணப்பிக்கும் முன்பே யோசிக்க வேண்டும். இந்தியாவில் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010 நடைமுறையில் உள்ளது. அந்தச் சட்டத்தின்கீழ்ப் பதிவோ, குறிப்பிட்ட திட்டத்துக்கான முன் அனுமதியோ இல்லாத நிறுவனம் வெளிநாட்டுப் பங்களிப்பைப் பெற முடியாது. 2020ஆம் ஆண்டுத் திருத்தம் மேலும் இறுக்கமானது: புது தில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்குக்கே பணம் வர வேண்டும்; வந்த பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குப் பங்களிப்பாக மாற்றித் தர முடியாது; நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இவற்றுள் இரண்டாவது விதிதான் நம்மவர்களைப் பெரிதும் பாதிக்கிறது. பதிவுள்ள பெரிய நிறுவனம் ஒன்று பணத்தைப் பெற்றுச் சிறிய கல்லூரிக்குப் பகிர்ந்து தரும் பழைய ஏற்பாடு இனி நடக்காது. எனவே முதல் வேலையாகக் கல்லூரியின் நிதிப்பிரிவுக்குச் சென்று பதிவு இருக்கிறதா, எப்போது காலாவதியாகிறது என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பதிவு இல்லையென்றால், பதிவுள்ள நிறுவனமே ஆய்வை நேரடியாக நடத்தும் வகையில் உங்கள் பங்கை அமைக்க வேண்டியிருக்கும்.

படி 4: உடன் நிற்பவரிடம் கடிதம் பெறுங்கள்

பள்ளியிலோ சுகாதார நிலையத்திலோ ஆராய்வதாக இருந்தால், உரிய துறையின் ஒப்புதல் கடிதத்தை இணையுங்கள். உயர் அதிகாரி இடம் மாறிச் செல்லக்கூடும். அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவருக்கும் ஆய்வின் நோக்கம் தெரிந்திருக்கட்டும்.

படி 5: செலவுத்திட்டத்தைக் களத்திலிருந்து கட்டுங்கள்

மொத்தத் தொகையை முதலில் முடிவுசெய்துகொண்டு பிறகு தலைப்புகளுக்குப் பங்கிடுவது பெரும் பிழை. அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் அதை உடனே கண்டுகொள்வார். மாறாக, இப்படிக் கணக்கிடுங்கள். 600 வீடுகளில் கேட்க வேண்டும். ஒரு கள ஆய்வாளர் நாளுக்கு 4 வீடுகளை முடிப்பார் என்றால் 150 ஆள்-நாள் தேவை, அதாவது 5 பேருக்கு 30 நாள் வேலை. பயிற்சிக்கு 5 நாள் என்றால் 25 ஆள்-நாள். பூட்டிய வீடுகளுக்கு மீண்டும் செல்லப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 15 ஆள்-நாள். ஆக 190. பதிவுகள் உண்மையானவையா என்று சில வீடுகளில் மறுபடி கேட்டுச் சரிபார்க்க, இந்தக் குழுவில் சேராத ஒருவர் வேண்டும். இதன்மேல் பயணம், தங்குமிடம், வினாநிரலைத் தமிழாக்கி வேறொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்க்கும் செலவு, பதில் சொல்பவர்கள் இழக்கும் கூலிநேரத்துக்கான ஈடு, ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராதா என்று பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் கட்டணம் ஆகியவை வரும். பதில் சொல்பவர்களுக்கான ஈட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். ஒரு மணி நேரம் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து பேசும் தினக்கூலித் தொழிலாளிக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.

படி 6: எழுதுங்கள், அனுப்புங்கள், மீண்டும் அனுப்புங்கள்

முதல் பத்தியிலேயே கேள்வி வந்துவிட வேண்டும். எடுத்திருக்கும் மாதிரியின் அளவு, அதாவது கேட்கப்போகும் வீடுகளின் எண்ணிக்கை, ஏன் போதுமானது என்பதைக் கணக்கோடு காட்ட வேண்டும். தாக்கம் எதுவும் இல்லை என்ற முடிவு வந்தாலும் அதிலிருந்து என்ன தெரியவரும் என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். சமவாய்ப்பு ஆய்வாக இருந்தால், அத்தகைய ஆய்வுகளுக்காக அமெரிக்கப் பொருளியல் சங்கம் 2013இல் தொடங்கிய பதிவேட்டில் களப்பணிக்கு முன்பே பதிவுசெய்யத் திட்டமிடுங்கள்.

மறுப்புக் கடிதம் வந்தால் மதிப்பீட்டாளர் குறிப்புகளைக் கேட்டுப் பெறுங்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் என்ன மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிவைத்து, அடுத்த சுற்று திறக்கும் நாளில் திருத்திய கருத்துருவை அனுப்புங்கள்.