ஆமைக்குஞ்சின் ஓடு கூம்பு தட்டியபோது

எங்கள் சுல்காட்டா (ஆப்பிரிக்க நில ஆமை வகை) குஞ்சின் ஓட்டில் ஒவ்வொரு தட்டும் தனித்தனிக் கூம்பாக எழும்பத் தொடங்கியது. தீனியில் குறையில்லை, கால்சியமும் போய்க்கொண்டுதான் இருந்தது. ஈரப்பதமானியைத் தரையோரம் வைத்துப் பார்த்தால் 40 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. மேலே திறந்த பெட்டி. பல்பின் சூட்டில் ஈரமெல்லாம் பறந்துகொண்டிருந்தது. ஓடு கூம்பு தட்ட இந்த வறட்சிதான் காரணம்.

மூடியுள்ள பெட்டிக்கு மாற்றினேன். தென்னை நார்த்தூளை நாலு விரல்கடை ஆழத்துக்குப் பரப்பி, மூலைகளில் மட்டும் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினேன். அடியில் ஈரம் நிற்க வேண்டும், மேலே சொதசொதக்கக் கூடாது. சொதசொதத்தால் அடி ஓடு அழுகும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டை நிற்கணும், தண்ணீர் சொட்டக் கூடாது. ஈரப்பதம் 80-க்கு ஏறியது.

சூட்டில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஈரத்தோடு குளிரும் சேர்ந்தால் மூச்சுத் தொற்று வரும், மூக்கில் குமிழி விடும். இரவிலும் 26 டிகிரிக்குக் கீழே இறங்காதபடி, வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரைத் தெர்மோஸ்டாட்டில் இணைத்தேன். புற ஊதாக் கதிர் தரும் யுவிபி விளக்கு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். தினமும் வெதுவெதுப்பான நீரில் கால்மணி நேரக் குளியல் உண்டு. பெரும்பாலும் அதிலேயே கழிந்துவிடுவான், பெட்டி சுத்தம்!

எழும்பிய கூம்பு இறங்காது. தட்டுகளுக்கு நடுவே புதிதாக வளரும் வெளிர்நிறப் பகுதி இப்போது சமமாக வருகிறது.