படகை இறக்கும் முன் ஒருமுறை தடவிப் பாருங்க

எண்ணூர்ப் பக்கமிருந்து பழைய ஃபைபர் படகு ஒன்றை லாரியில் மண்டபத்துக்குக் கொண்டுவந்தேன், சவாரிக்கு விடலாம்னு. அடிப்பாகம் பளபளன்னு இருந்தது. நங்கூரக் கயிற்றுச் சுருளைப் பிரிச்சப்பதான் தெரிஞ்சது: உள்ளே ஈரத்துல, நார் விட்டுக் கயிற்றைக் கவ்விக்கிட்டு நாலஞ்சு காக்கா ஆழி. தென் அமெரிக்கச் சிப்பி அது. எண்ணூர்க் கழிமுகத்துல வண்டலை மூடி இறால் தொழிலைக் கெடுத்தது இதுதான்.

அதனால வெளியூர்ப் படகு எதுவானாலும் கரையிலேயே சோதிச்சிடுங்க. கண்ணைவிடக் கையை நம்புங்க. குஞ்சுச் சிப்பி லேசுல தெரியாது. வழவழன்னு இருக்கவேண்டிய இடம் உப்புத்தாள் மாதிரி நெருடினா சந்தேகப்படுங்க. சுக்கான் இடுக்கு, விசிறிக்குப் பின்பக்கம், இஞ்சின் தண்ணி இழுக்கிற துளை, படகுல ஒட்டி ஓடா வளர்ற கொட்டலசுக்கு நடுவுல எல்லாம் விரல் போகணும். சுரண்டும்போது கீழே தார்ப்பாய் விரிச்சு, விழுந்ததை அள்ளிக் கடலைவிட்டுத் தூரமாக் கரையில புதைங்க. அலையோரத்துல கொட்டினா சுரண்டியதே வீண்.

அடைப்பானைக் கழற்றி அடித்தண்ணியைத் தரையில வடிங்க. கண்ணுக்குத் தெரியாத லார்வா, அதாவது சிப்பியோட இளம்பருவம், அதுலதான் பயணம் பண்ணும். இஞ்சினுக்குள்ள நல்ல தண்ணி ஓட்டுங்க. ஆனா இந்தச் சிப்பி உப்புக் குறைஞ்சாலும் தாங்கும், கழுவினது மட்டும் பத்தாது. கயிறு, லைஃப் ஜாக்கெட் எல்லாத்தையும் பிரிச்சு நாள்கணக்குல வெயில்ல போடுங்க. நம்மூர்ல வெயிலுக்கா பஞ்சம்?

கயாக்குன்னா உட்காரும் குழியைத் துடைச்சாலே பாதி வேலை முடிஞ்சது.

மண்டபத்துக்குப் பக்கத்துல குருசடைத் தீவுப் பவளப்பாறையை, வெளியிலிருந்து வந்த கப்பாபைகஸ் கடல்பாசி மூடினதைப் பார்த்தவங்க நாம. என் கயிற்றை நான் எரிச்சுட்டேன்.