மேல்வீட்டு டிரில்லிங் மெஷினும் நம் மதியத் தூக்கமும்

மார்கழியில் யாரும் புதுவீடு புகுவதில்லை. ஆனால் தையில் புகுவதற்கான வேலை முழுவதும் மார்கழியில்தான் நடக்கிறது. ஆகவே எங்கள் புதுச்சேரியில் லாஸ்பேட்டையானாலும் ரெட்டியார்பாளையமானாலும், பொங்கலுக்கு முந்தைய ஒரு மாதம் அடுக்குமாடியின் ஏதாவது ஒரு தளத்தில் மார்பிள் கட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆவணி முகூர்த்தத்தை முன்னிட்டு ஆடியிலும் இதே கதை. அந்தச் சத்தத்தை முற்றிலும் நிறுத்திவிட முடியாது என்பதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் செய்யக்கூடியவை கண்ணுக்குத் தெரியும். என் அனுபவத்தில், சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அது எப்போது தொடங்கும், எப்போது ஓயும் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதுதான் ஆளை வாட்டுகிறது. எனவே அண்டைவீட்டாரிடம் அமைதியைக் கேட்பதைவிட நேரத்தைக் கேட்பதே பலன் தரும்.

முதல் வேலை, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்துகொள்வது. தூண்களும் உத்தரங்களும் தளங்களும் ஒரே கான்கிரீட் கூடாகப் பிணைந்திருப்பதால், சுவரைத் துளைக்கும் அதிர்வு அவற்றின் வழியே அதிகம் குறையாமல் ஓடி, தொடர்பில்லாத வீட்டின் கூரையில் சத்தமாக வெளிப்படும். ஒருமுறை மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, நான் கோபத்தோடு மேல்வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்த அம்மாள் காதில் பஞ்சு வைத்திருந்தார். "நல்ல வேளை நீங்களே வந்தீங்க தம்பி, நானே கீழ வந்து கேக்கலாம்னு இருந்தேன். இன்னும் எத்தனை நாள் இடிப்பீங்க?" என்றார். வேலை நடந்ததோ எனக்குக் கீழே இரண்டு தளம் தள்ளி, மூலையில் இருந்த வீட்டில். அன்றிலிருந்து படியேறும் முன் வாட்ச்மேனைக் கேட்டுவிடுகிறேன். மணல் மூட்டையும் டைல்ஸ் பெட்டியும் எந்த வீட்டுக்குப் போயின என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது.

இயந்திரம் எது என்று காதால் அறிந்துகொண்டால், வேலை எவ்வளவு நாள் இழுக்கும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். விட்டு விட்டுக் கேட்கும் 'டர்ர்' என்ற ஒலி டிரில்லிங் மெஷினுடையது. திரைச்சீலைக் கம்பியோ அலமாரியோ மாட்டுகிறார்கள், பெரும்பாலும் அன்றைக்கே முடிந்துவிடும். இடைவிடாமல் கிறீச்சிடுவது மார்பிள் கட்டர். வயருக்கோ பைப்புக்கோ சுவரில் காடி வெட்டுகிறார்கள் என்றால், அதன் பின்னாலேயே உளியும் சுத்தியலும் வரும். கனத்த ஒலியோடு நம் தரையும் சேர்ந்து நடுங்கினால் பழைய தளத்தைப் பெயர்க்கிறார்கள். புதிய தளம் போட்டு முடியும்வரை அந்த வீட்டில் ஏதாவது ஒரு சத்தம் இருந்துகொண்டே இருக்கும்.

பேசப் போவதற்கு ஏற்ற நேரம், மெஷின் ஓடாத மாலைப் பொழுது. வேலையாட்களிடம் சண்டைக்குப் போவதில் பயனில்லை. அவர்கள் அன்றைய கூலிக்கு அன்றைய வேலையை முடித்தாக வேண்டியவர்கள். வீட்டுக்காரரைப் பார்க்கும்போது மேஸ்திரியும் உடன் இருந்தால் நல்லது, ஏனெனில் எந்த நாளில் எதை உடைக்கப்போகிறார்கள் என்பது மேஸ்திரிக்குத்தான் தெரியும். "ரொம்ப சத்தமா இருக்கு சார்" என்று பொதுவாகச் சொன்னால், "ரெண்டு நாள்தான், அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்ற பதில்தான் வரும். மாறாக, "என் மனைவி ஜிப்மரில் நர்ஸ், இந்த வாரம் இரவுப்பணி, காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரைதான் தூங்குவார், உடைக்கிற வேலையை இரண்டு மணிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்டால், மறுக்க நினைப்பவரும் ஒரு கணம் யோசிப்பார். இந்த ஊரில் மதியம் ஒரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு நான்கு மணிக்குத் திறக்கும் பழக்கம் இன்னும் முழுதாக மறைந்துவிடவில்லை. எனவே வீட்டில் முதியவர்கள் இருப்பவர்கள், மதியம் ஒன்று முதல் நான்கு வரை மெஷின் வேண்டாம் என்று கேட்பது யாருக்கும் புதுமையாகத் தோன்றாது.

நேரத்தோடு முறையையும் கேட்கலாம். சாதாரண டிரில்லிங் மெஷினை வைத்துக்கொண்டு கான்கிரீட் உத்தரத்தில் பத்து நிமிடம் போராடும் துளையை, ரோட்டரி ஹாமர் சில விநாடிகளில் போட்டுவிடும். சத்தம் பெரிதுதான், ஆனால் சீக்கிரம் முடிந்துவிடும். ஏசி குழாய்க்கான பெரிய துளையை உளியால் கொத்தாமல், வைரப்பல் வைத்த கோர் கட்டரால் எடுக்கச் சொல்லலாம். பிளைவுட் அறுக்கும் வேலை வீட்டுக்குள்தான் நடக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை; ஆசாரி அளவெடுத்துத் தன் பட்டறையிலேயே அறுத்துக்கொண்டு வந்துவிடலாம். மார்பிள் கட்டருக்குத் தண்ணீர் விட்டு வெட்டினால் சத்தம் பெரிதாகக் குறையாது, ஆனால் படிக்கட்டு முழுவதும் படியும் வெள்ளைத் தூசி அடங்கும். பாதிச் சண்டைகள் அந்தத் தூசியால்தான் வருகின்றன.

நம் வீட்டுக்குள் செய்யக்கூடியது குறைவு. தடித்த திரைச்சீலை அறையின் எதிரொலியைக் குறைக்குமே தவிர, வெளிச்சத்தத்தைத் தடுக்காது. கதவுக்கு அடியில் இருக்கும் விரல் அகல இடைவெளியை ரப்பர் பட்டையால் அடைப்பதும், சன்னலை இறுக மூடுவதும் காற்றில் வரும் ஒலிக்குப் பலன் தரும். சுவர் வழியே வரும் அதிர்வுக்கு அவை உதவா. அதற்கு இருக்கும் எளிய வழி, வேலை நடக்கும் சுவரிலிருந்து தொலைவில் உள்ள அறைக்குக் கட்டிலை மாற்றிக்கொண்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான்களைக் காதில் வைத்துக்கொள்வதுதான்.

அசோசியேஷன் இருந்தால், சண்டை வருவதற்கு முன்பே வேலை நேரத்தைத் தீர்மானமாக எழுதி வைத்துவிட வேண்டும். ஒருவர் வீட்டில் வேலை நடந்துகொண்டிருக்கும்போது கொண்டுவரும் விதி, அவருக்கு எதிராகக் கொண்டுவந்ததாகவே தோன்றும்.

சட்டத்துக்கு வருவோம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்பது வரம்பு. இவை குறிப்பிட்ட நேரத்துக்கான சராசரி அளவுகள். ஒரு நொடியின் உச்சம் இங்கே கணக்கில்லை. புகார் செய்வதற்கு இந்த வரம்பைவிடக் குறைந்தது 10 டெசிபல் கூடியிருக்க வேண்டும் என்பதால், பகலில் அரைமணி நேரம் டிரில்லிங் செய்தவர்மீது கொடுக்கும் புகார் வலுவாக நிற்பது கடினம். இரவில் நிலைமை வேறு. 2010இல் செய்யப்பட்ட திருத்தம், குடியிருப்புப் பகுதிகளில் இரவு நேரத்தில் சத்தமெழுப்பும் கட்டுமானக் கருவிகளை இயக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. இரவுக் கட்டுப்பாட்டை மீறினாலே புகார் தரலாம். இரவு பத்தரைக்கு மார்பிள் கட்டர் ஓடினால் 112ஐத் தயங்காமல் அழைக்கலாம். மணி தெரியும்படி ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசிச் செயலி காட்டும் டெசிபல் எண் ஒரு குறிப்புக்கு உதவும், அத்தாட்சி ஆகாது.

பக்கத்து வீடு நிரந்தரப் பட்டறையாகவே மாறி, நாள்தோறும் வெல்டிங்கும் அறுப்பும் நடக்கிறது என்றால் பாதை வேறு. புதுச்சேரியில் மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்துக்கும், பக்கத்துக் கடலூரில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுதலாம். பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிடும் அதிகாரம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்படி நிர்வாக நடுவருக்கு உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவாக இருந்தது இதுதான். பொதுத் தொல்லை என்று காட்ட வேண்டியிருப்பதால், மனுவில் ஒரு வீட்டின் கையெழுத்தைவிட ஐந்து வீடுகளின் கையெழுத்து மதிப்புள்ளது.

நம் வீட்டிலும் ஒருநாள் தளம் பெயர்க்க வேண்டி வரும். சென்ற ஆண்டு குளியலறை வேலைக்கு முன் நான் லிஃப்ட் அருகே ஒட்டிய தாளில் இருந்தது இவ்வளவுதான்: "மூன்றாம் தளம், வடக்கு வீடு. குளியலறை டைல்ஸ் மாற்றும் வேலை, திங்கள் முதல் வியாழன் வரை. உடைப்பது திங்கள், செவ்வாய் காலை 10 முதல் 1 வரை மட்டும். மதியம் 1 முதல் 4 வரை மெஷின் ஓடாது. கைக்குழந்தையோ, இரவுப்பணி முடித்துத் தூங்குபவரோ, உடல்நலம் குன்றியவரோ வீட்டில் இருந்தால் ஞாயிறு மாலைக்குள் சொல்லுங்கள், நேரத்தை மாற்றிக்கொள்கிறோம்." இரண்டு வீட்டார் சொன்னார்கள், செவ்வாய்க்கிழமை உடைப்பைப் பதினொரு மணிக்குத் தள்ளினோம்.