14 வாரத்தில் ஒரு பொறியியல் திட்டம்: கோலாலம்பூர் மாணவர்களுக்கு

செமஸ்டர் 14 வாரம் என்றால் கையில் இருப்பது 11 வாரம்தான். கடைசி மூன்றைச் சோதனைக்கும் அறிக்கைக்கும் இப்போதே ஒதுக்கிவிடுங்கள். தேவைகளை எண்ணில் எழுதுங்கள். ‘நல்ல பம்ப்’ என்பதைச் சோதிக்க முடியாது. ‘12 வோல்ட்டில் நிமிடத்துக்கு 2 லிட்டர்’ என்பதைச் சோதிக்கலாம்.

ஆறாம் வாரத்துக்குப் பிறகு வடிவமைப்பில் கை வைக்காதீர்கள். சர்க்யூட் போர்டைச் சீனாவில் செய்யக் கொடுப்பதானால் சீனப் புத்தாண்டு எப்போது என்று பாருங்கள். தொழிற்சாலைகள் மூடிவிடும், புடு வட்டாரத்து ஜாலான் பசார் உதிரிபாகக் கடைகளும் பல அப்போது திறக்காது. எளிதில் கருகும் ரெகுலேட்டர் (வோல்டேஜைச் சீராக வைக்கும் பாகம்), மோட்டார் டிரைவர் (மோட்டாருக்கு மின்சாரம் செலுத்தும் பாகம்) இரண்டையும் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

பல குழுக்கள் தடுமாறும் இடம் மின்சாரம். மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். வோல்டேஜ் சரியும், மைக்ரோகன்ட்ரோலர் (புரோகிராமை ஓட்டும் சிப்) ரீசெட் ஆகும். குழுவோ புரோகிராமில் பிழை தேடிக்கொண்டிருக்கும், பாவம். மோட்டாருக்குத் தனி சப்ளை கொடுங்கள். கிரவுண்டை (மைனஸ் இணைப்பை) மட்டும் பொதுவாக இணையுங்கள். மோட்டார் சப்ளையின் குறுக்கே 470 மைக்ரோஃபாரட் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்) ஒன்றைப் போடுங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் அது வெடிக்கலாம்.

பட்ஜெட் 500 வெள்ளி (ரிங்கிட்) என்றால், எதிர்பாராத செலவுக்காக 75 வெள்ளியைப் பத்தாம் வாரம் வரை தொடாதீர்கள்.