மைக் ஒயர் எட்டவில்லையா?
திருவையாறு, கும்பகோணம் பக்கத்துக் கோயில் மண்டபங்களில் கச்சேரி வைக்கும்போது, மேடையிலிருந்து மிக்சர் (எல்லா மைக்குகளின் ஒலியையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் கருவி) வரை மைக் ஒயர் எட்டாமல் போவது அடிக்கடி நேர்வதுதான். அதற்காக ஒயரை வெட்டி, கம்பிகளை முறுக்கி, டேப் சுற்றி நீட்டுவதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். கம்பிகளைப் போர்த்தியிருக்கும் செம்புவலை அந்த இடத்தில் விட்டுப்போவதால், அருகிலுள்ள மின்சார ஒயர்களின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் உள்ளே நுழைந்து, தம்புராவின் நாதத்தையே கெடுத்துவிடும்.

ஒரு முனையில் மூன்று ஊசிகளும் மறுமுனையில் மூன்று துளைகளும் கொண்ட எக்ஸ்.எல்.ஆர். ஒயர் ஒன்றை இடையில் செருகினாலே போதும். இதில் ஒலியைக் கொண்டுபோகும் இரண்டு கம்பிகளிலும் சமமாக ஏறும் இரைச்சல் மிக்சரில் கழிந்துவிடுவதால், 50 மீட்டர் வரைகூடத் தாராளமாக நீட்டலாம். கீபோர்டின் சாதாரண ஒயருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. 5, 6 மீட்டரைத் தாண்ட வேண்டுமானால் கீபோர்டுக்கு அருகிலேயே டி.ஐ. பாக்ஸ் (சாதாரண ஒயரில் வரும் ஒலியை எக்ஸ்.எல்.ஆர். ஒயருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டி) வைத்து, அங்கிருந்து எக்ஸ்.எல்.ஆர். ஒயரில் கொண்டுபோவதே சரி.

சீரியல் விளக்கு ஒயர்களோடு மைக் ஒயரைச் சேர்த்துக் கட்டாதீர்கள். கடக்க நேர்ந்தால் நேர்குறுக்காகக் கடக்கட்டும். மார்கழிப் பனியில் தரை ஈரமாகிவிடும் என்பதால், இணைப்பைத் தூணில் சற்று உயரத்தில், ஒயர் விறைக்காதபடி கட்டிவிடுங்கள். செருகும் முன் மிக்சரில் அந்தச் சேனலின் ஒலியைக் குறைத்துவிட வேண்டும்.