நுனி கருகிய ரோஜா மறுபடி பூத்தது

காங்கேயத்தில் எங்கள் வாசலில் நிற்கும் பன்னீர் ரோஜா ஐப்பசி மழைக்கு அப்புறம் நுனியிலிருந்து கருக ஆரம்பித்தது. கருப்பு மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "அம்மிணி, செடியப் பறிச்சுப் போட்டுறாத, வெட்டினாச் சரியாப் போயிரும்" என்று தன் கவாத்துக் கத்தரியோடு வந்துவிட்டார்.

முதலில் கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்தார். கருகிய இடத்துக்கு 2 அங்குலம் கீழே, வெளிப்பக்கம் பார்த்த கணுமொட்டுக்குச் சற்று மேலே, சாய்வாக வெட்டினார். வெட்டிய குச்சியின் நடுவில் பழுப்பு தெரிந்தால் இன்னும் கீழே வெட்ட வேண்டும். இதில் அவசரப்படவே கூடாது. பழுப்பு மிச்சமிருந்தால், கருகலுக்குக் காரணமான பூஞ்சை மறுபடி இறங்கும். வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைத் தண்ணீரில் குழைத்துப் பூசினோம். கழித்த குச்சிகளை எரித்தோம். தூரில் தண்ணீர் தேங்காமல் வடிகால் கீறினோம்.

துளிர் வந்த பிறகுதான் கடலைப் புண்ணாக்குக் கரைசல். புண்ணாக்கும் அக்கா தந்ததுதான், காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

கவாத்து செய்து ஏறக்குறைய 45 நாளில் பூக்கும் என்பார்கள். மார்கழியில் செடி நிறையப் பூ! கடை ரோஜாவுக்கு நிறம் உண்டு, இந்த வாசம் கிடையாது. முதல் பறிப்பை அக்காவுக்கே கொடுத்தேன். அவருக்கு ஒரு பதியனும் வேண்டுமாம். தையில் போட்டுத் தரப்போகிறேன்.