ஏற்காட்டுப் பலகையைச் சேலத்து வீட்டுக்குப் பழக்குவது எப்படி

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காகவும் மிளகுக் கொடி ஏறவும் நிற்கிற சில்வர் ஓக் மரத்தின் பலகையை இழைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நடுவிலிருந்து பட்டையை நோக்கி அறுத்த பலகை என்றால் சரிகை போட்ட மாதிரி மினுங்கும். ஆனால் மலையிலிருந்து இறக்கிய வாரமே ஒட்டிவிடாதீர்கள். நான் மாசியில் ஒட்டிய டீப்பாய், சித்திரைக்குள் நாணயம் நுழைகிற அளவுக்கு இணைப்பு விட்டுப் போனது.

சுமார் 1500 மீட்டர் உயரத்துப் பனியில் கிடந்த பலகை, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி நம்ம ஊர் வெயிலுக்கு வந்தால் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். நீளத்தில் மரம் சுருங்குவது மிகக் குறைவு, அகலத்தில்தான் சுருங்கும்.

அதனால் பலகை வந்தவுடன் இரண்டு முனைகளிலும் மிச்சமிருக்கும் பெயிண்டைக் கெட்டியாகப் பூசுங்கள். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும், அங்கேதான் முதலில் வெடிக்கும். அப்புறம் காற்றோட்டமான நிழலில், தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். இடையிடையே ஒரே கனமுள்ள ரீப்பர்கள் (மெல்லிய மரக் குச்சிகள்), ஒன்றரை அடிக்கு ஒன்று, மேலிருந்து கீழ்வரை நேர்க்கோட்டில் வர வேண்டும். கொஞ்சம் தள்ளிப் போனாலும் பலகை அந்த இடத்தில் வளைந்துவிடும். மேலே நான்கைந்து செங்கல் வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் மட்டும் போடவே வேண்டாம்.

எத்தனை நாள்? பச்சைப் பலகைக்கு ஒரு அங்குல கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. எனக்கு எடை போட்டுப் பார்ப்பதில்தான் நம்பிக்கை. முனையிலிருந்து ஒரு அடி உள்ளே தள்ளி ஒரு துண்டு அறுத்து, சமையல் தராசில் நிறுத்து, கேக் ஓவனில் 100 டிகிரிக்குச் சற்று மேலே வைத்து, எடை இனி இறங்காது என்கிற வரை காய வையுங்கள், பக்கத்திலேயே இருங்கள். 112 கிராம் 100 ஆனால் ஈரம் 12 சதவீதம். அதற்கும் கீழே வந்தால்தான் நான் இழைப்புளியை எடுப்பேன். இழைப்பதற்கு முன் இரண்டு மூன்று வாரம், அது நிற்கப்போகிற அறையிலேயே சாய்த்து வையுங்கள்.

இவ்வளவு செய்தாலும் ஐப்பசி மழைக்குப் பலகை கொஞ்சம் உப்பத்தான் செய்யும். அதனால் மேற்பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டாமல், சட்டத்தில் திருகுத் துளையைப் பலகையின் அகலவாக்கில் நீளமாக்கி, வாஷர் வைத்து முடுக்குங்கள்.